ஐஸ் கம்பெனியின் அப்டேட் நாள்

மீன்பாடு குறைந்து குறைந்து, கடைசியில் ஐஸ் பாளங்களை வாங்க ஆளில்லாமல் போனபோது சேந்தன்கரையின் ஐஸ் கம்பெனி தானாகவே குளிர்ச்சியை இழந்தது. அதன் தகரக் கூரையில் கொக்குகள் குடியேறின. பிறகு ஒரு நாள் சென்னையிலிருந்து கார்களில் வந்தவர்கள் கொக்குகளை விரட்டி, சுவருக்கு வெள்ளையடித்து, பாளங்கள் நின்ற நீண்ட கூடத்தில் வரிசை வரிசையாகக் கம்ப்யூட்டர்களை அடுக்கி, கடலுக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு நாட்டில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறவர்களின் இன்சூரன்ஸ் காகிதங்களைப் பார்த்துப் பார்த்துத் தட்டச்சு செய்கிற வேலையை ஊருக்குக் கொண்டுவந்தார்கள். வலை இழுத்த வீட்டுப் பிள்ளைகள் இஸ்திரி போட்ட சட்டையில் அங்கே போய் உட்கார்ந்தார்கள். ஊர் அதையும் ஐஸ் கம்பெனி என்றே சொன்னது. உள்ளே ஏசி இருந்ததால் பேர் பொருந்தியும் போனது.

வேலை தொடங்கிய முதல் மழைக்காலத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், எல்லாத் திரைகளும் ஒரே நேரத்தில் நீலமாகி, நடுவில் வெள்ளைப் புள்ளிகள் வட்டமாகச் சுற்ற, அப்டேட் நடக்கிறது, கம்ப்யூட்டரை அணைக்க வேண்டாம் என்று எழுத்து வந்தது. எல்லோரும் கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். மெஷின்கள் மறுபடி எழுந்தபோது ஒவ்வொருவரிடமிருந்தும் ஏதோ ஒன்று போயிருந்தது. ஸ்டீபனுக்கு உப்பு ருசி போயிருந்தது. காணிக்கைமேரிக்கு அவள் அக்கா மேல் பத்து வருஷமாக இருந்த கோபம் போயிருந்தது. அன்று சாயங்காலமே அக்கா வீட்டுக் கதவைத் தட்டி, எதற்காகத் தட்டினோம் என்று தெரியாமல் வாசலிலேயே நின்றாள். அமலிக்குத் தண்ணீர் பயம் போயிருந்தது. அவள் அண்ணன்மார் அன்றிலிருந்து முறை வைத்து அவளைக் கடலோரத்தில் காவல் காத்தார்கள்.

அந்த மெஷின்களைப் பராமரிக்கிற வேலை இஞ்ஞாசிக்கு. கேபிள் இழுப்பது, கெட்டுப் போனதைத் திறந்து பார்ப்பது, யார் யார் எந்தப் பேரில் மெஷினுக்குள் நுழையலாம் என்று வைத்துக்கொடுப்பது எல்லாம் அவன்தான். அன்றைக்கு அவன் வழக்கம்போல சைக்கிளில் வீட்டுக்குப் போனான், முகம் கழுவினான், அடுப்படியில் அழுத முகத்தோடு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மனைவி செசிலியிடம், "ஏன் புள்ள அழுதே?" என்று கேட்டான். அவள் நிமிர்ந்து அவனை வெகுநேரம் பார்த்தாள். முந்தின வருஷம் காய்ச்சலில் இறந்துபோன அவர்களுடைய ஆறு வயது மகள் பெனிட்டா, அவனிடமிருந்து போயிருந்தாள். செசிலி சொன்னபோது அவன் நம்பினான். பக்கத்து ஊரில் பஸ் கவிழ்ந்ததைப் பேப்பரில் படிக்கிறவன் நம்புகிற மாதிரி, பாவமே என்று நம்பினான்.

சேந்தன்கரை இதற்காகப் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. கடல் எடுத்துக்கொண்டு போவதைப் பார்த்துப் பழகிய ஊர், இதுவும் எடுக்கிற ஒன்று என்று எடுத்துக்கொண்டது. பங்குச் சாமியார் ஞாயிறு பூசையில் நோயாளிகளுக்கும் பிரயாணத்தில் இருப்பவர்களுக்கும் வேண்டிக்கொண்ட பிறகு அப்டேட்டில் இருப்பவர்களுக்காகவும் வேண்டிக்கொண்டார். டீக்கடை மஸ்தான், ஐஸ் கம்பெனி ஆட்கள் யார் வந்தாலும், தினமும் வருகிறவர்களாக இருந்தாலும், "சீனி போடலாமா, சீனி பிடிக்குமா இப்ப?" என்று கேட்டுவிட்டுத்தான் கலக்கினார். கல்யாணத் தரகர்கள் மாப்பிள்ளையின் படிப்பைச் சொல்லும்போதே கடைசியாக என்ன போனது என்பதையும் சேர்த்துச் சொன்னார்கள். குடிகாரப் புருஷன்மாரின் மனைவிமார் குடியை எடுக்கட்டும் என்று மெழுகுவர்த்தி கொளுத்தி வேண்டினார்கள்; அது ஒரு முறைகூடக் குடியை எடுக்கவில்லை, அது பாட்டுக்கு நீச்சலையும் விசிலையும் மாமனார் பேரையும் எடுத்துக்கொண்டு போனது. எல்லாவற்றுக்கும் மேலாக, யாரும் சட்டம் போடாமலேயே ஒரு வழக்கம் உண்டானது: ஒருவரிடமிருந்து என்ன போனது என்பதை மற்றவர்கள் அவருக்குச் சொல்லக் கூடாது. சொன்னால் அது திரும்ப வரப்போவதில்லை, இல்லாத இடம் மட்டும் வலிக்கும்.

வேலையை விட்டுவிடலாமே என்று யோசித்தவர்களும் இருந்தார்கள். லூர்து விட்டுவிட்டுத் திருப்பூருக்குப் போனான். அங்கே பனியன் மடித்துக்கொண்டிருந்தபோது, இங்கே அவன் பழைய மெஷின் நீலமான அதே நேரத்தில், மடிக்கிற கை நின்று, தன் ஊருக்குத் திரும்பும் வழி அவனிடமிருந்து போய்விட்டது. அவன் இன்னும் அங்கேதான் இருக்கிறான். அதற்குப் பிறகு யாரும் விடவில்லை.

இஞ்ஞாசிக்கு ஒரு அதிகாரம் இருந்தது. எந்த மெஷினின் அப்டேட்டையும் அவனால் கொஞ்ச காலம் நிறுத்திவைக்க முடியும். ஊரில் கல்யாணம், பரீட்சை, பிரசவம் என்று வந்து நின்றவர்களுக்கெல்லாம் நிறுத்திக் கொடுத்தான். ஆனால் நிறுத்துவதற்கும் ஒரு விலை உண்டு என்பது செலின் விஷயத்தில் தெரிந்தது. இரட்டைப் பிள்ளை பெற்று நீண்ட விடுப்பில் இருந்த செலினின் மெஷின் ஒரு வருஷத்துக்கு மேல் அணைந்தே கிடந்தது. அவள் திரும்பி வந்து அதைத் திறந்த அன்று, அத்தனை மாதத்து அப்டேட்டும் ஒன்றாக வந்தது. சாயங்காலம் அவளை இரண்டு பேர் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. எது செருப்பு, எது வாசல் என்பதைக்கூட அவள் மாமியார் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தாள். அதிலிருந்து இஞ்ஞாசி எல்லோரிடமும் ஒன்றையே சொன்னான்: "தள்ளிப் போடாதீங்க. தள்ளத் தள்ள மொத்தமா எடுக்கும்."

சொல்லிவிட்டு, செசிலியின் மெஷினை மட்டும் நாலு வருஷமாக நிறுத்தியே வைத்திருந்தான்.

செசிலி முதல் அப்டேட்டுக்கு அடுத்த மாதம்தான் வேலைக்குச் சேர்ந்திருந்தாள், வீட்டில் தனியாக இருக்க முடியாமல். சாயங்காலம் வேலை முடிந்ததும் இருவரும் துறைமுகக் கல்லில் போய் உட்காருவார்கள். "சொல்லேன்" என்பான் அவன். அவள் சொல்லுவாள். பெனிட்டா முதல் நாள் பள்ளிக்கூடம் போய்விட்டு, டீச்சருக்கு ஒன்றும் தெரியவில்லை, எல்லாவற்றையும் என்னிடமே கேட்கிறார்கள் என்று சொன்னதை. நண்டு பிடிக்கப் போய் நண்டோடு சண்டை போட்டு அழுததை. மழை பெய்தால் சாமி குளிக்கிறார் என்று யாரையும் மேலே பார்க்க விடாததை. அவன் சிரிப்பான். சில நாள் கண்ணில் நீர் வரும், நல்ல கதை கேட்டால் வருகிற நீர். கேட்டுவிட்டு எழுந்து மீன் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடப்பான். செசிலி அவனுக்குப் பின்னால் நடப்பாள், ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் மெலிந்தவளாக.

ஐந்தாம் வருஷம் கோடையில் மேனேஜர் தாணுமூர்த்தி அவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கம்பெனியின் வேறொரு கிளையில், பழைய மெஷின் ஒன்றின் வழியாக வைரஸ் புகுந்து எல்லாவற்றையும் முடக்கிவிட்டதாம். இனி எந்த மெஷினும் விதிவிலக்கில்லை. எப்போது, எந்த வரிசையில் அப்டேட் செய்வது என்று ஒவ்வொரு கிளையும் ஒரு கால அட்டவணை முடிவு செய்து ஒரு வாரத்துக்குள் சொல்ல வேண்டும், சொன்ன பிறகு அதை யாரும் நிறுத்த முடியாது.

"மாசா மாசமா, மூணு மாசத்துக்கு ஒரு தடவையா, வருசத்துக்கு ஒரு தடவையா, நீங்களே பாத்து முடிவு பண்ணுங்க இஞ்ஞாசி," என்றார். "ஹெட் ஆபீஸுக்கு இது ஒரு வரி மெயில். ஊருக்கு அப்படி இல்லைன்னு எனக்கும் தெரியும். அதனாலதான் நான் முடிவு பண்ணலை."

செய்தி அவன் டீக்கடை தாண்டுவதற்குள் ஊருக்குப் போய்விட்டது. அன்றிலிருந்து அவன் வீட்டு வாசலில் ஆட்கள் வந்து நின்றார்கள். கோயில் பாடகர் குழுவின் குரூஸ் வாத்தியார் வந்து, எந்த மாசம் எடுத்தாலும் மார்கழியில் மட்டும் வேண்டாம், போன தடவை கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம் இரண்டு பேருக்குச் சுருதி போய்விட்டது என்றார். மகளுக்குத் தையில் கல்யாணம் வைத்திருந்த ஒருவர், பெண் பார்க்க வந்தபோது இருந்த மாதிரியே அவள் மணவறையிலும் இருக்க வேண்டும் என்று கையைக் கூப்பினார். மஸ்தான் பாய் வந்தார். அவருக்கு எந்த மாசம் என்பது முக்கியமில்லை, நாள் மட்டும் நிச்சயமாகத் தெரிந்தால் போதும். "நாள் தெரிஞ்சா முந்தின நாள் எல்லாரும் வந்து பிடிச்சதைச் சாப்பிட்டுட்டுப் போவாங்கள்ல, தம்பி," என்றார்.

வியாழக்கிழமை பாளக் கூடத்தில் எல்லோரையும் கூட்டி வைத்துப் பேசினார்கள். வருஷத்துக்கு ஒரு முறை என்று கை தூக்கியவர்கள் பலர். மற்ற நாளெல்லாம் நிம்மதியாக இருக்கலாமே என்றார்கள். அப்போது செலினின் மாமியார், அவளைக் கூட்டிப்போக வந்தவள், கதவோரத்தில் நின்றபடியே, "இவளைப் பாத்துட்டுக் கையைத் தூக்குங்க," என்றாள். செலின் எல்லோரையும் பார்த்துச் சிரித்தாள். கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. பிறகு காணிக்கைமேரி, "மாசா மாசம்னே வச்சிருங்க. ஒண்ணொண்ணாப் போனா, போறதைப் பாத்துக்கிட்டாவது இருக்கலாம்," என்றாள். அப்படியே முடிவானது. மாதத்தின் இரண்டாம் செவ்வாய் முதல் குழு, மூன்றாம் செவ்வாய் அடுத்த குழு, நாலாம் செவ்வாய் கடைசிக் குழு. சோதனை பார்ப்பதற்காக முதல் குழுவில் முதல் மெஷினாக எப்போதும் இஞ்ஞாசியின் மெஷின். கூட்டம் கலையும்போது ஒருவருக்கும் ஜெயித்த முகம் இல்லை.

அன்று சாயங்காலம் துறைமுகக் கல்லில் அவன் "சொல்லேன்" என்று கேட்பதற்கு முன்பே செசிலி பேசினாள்.

"என்னை முதல் குழுவுல போடுங்க."

"கடைசில போடுதேன். அதுக்குள்ள ஏதாவது வழி பாப்போம்."

"என்ன வழி?"

"நாலு வருசத்து அப்டேட் புள்ள அது. செலினுக்கு ஆன மாதிரி உனக்கு ஆயிரக் கூடாதுல்லா."

"நிறுத்த நிறுத்தத்தான் செலின் மாதிரி ஆவும்னு ஊருக்கே சொன்னது நீங்கதான். அப்புறம் என் மெஷினை எதுக்கு நிறுத்துனீங்க? நான் கேட்டனா?"

அலை வந்து கல்லில் மோதிப் போனது. இஞ்ஞாசி கடலைப் பார்த்தபடியே சொன்னான்: "உன்கிட்ட இருந்தும் அவளை எடுத்துட்டா, அப்புறம் அவ எங்க இருப்பா?"

"கல்லறையில இருப்பா. செத்துப்போன எல்லாப் புள்ளையும் மாதிரி."

"எனக்கு யாரு சொல்லுவா?"

செசிலி அவன் பக்கம் திரும்பினாள். கோபம் இல்லை அவள் முகத்தில், களைப்பு இருந்தது. "நான் சொல்லுதது உங்களுக்குக் கதைங்க. எனக்கு அப்படி இல்லை. தினமும் நான் திரும்ப அந்த ஆஸ்பத்திரி வராண்டாவுல போய் நின்னு, அவளைத் தூக்கிட்டு வந்து உங்ககிட்டக் காட்டிட்டு, திரும்பக் கொண்டுபோய் அங்கயே விட்டுட்டு வாரேன். நீங்க கேட்டுட்டு மீன் வாங்கப் போறீங்க. அது எதை வேணும்னாலும் எடுக்கட்டும். இதையும் எடுத்தா எடுக்கட்டும். எனக்கு முடியலை."

அவன் அவளைக் கடைசிக் குழுவில்தான் போட்டான். அட்டவணை சென்னைக்குப் போனது. ஒரு வரியில் பதிலும் வந்தது, நன்றி என்று.

அந்த வாரங்களில் செசிலி கதை சொல்வதை நிறுத்திவிட்டாள். அவன் கேட்டான், கெஞ்சினான், ஒரு நாள் சாப்பிடாமல்கூட இருந்து பார்த்தான். அவள் சோறு போட்டாள், துணி துவைத்தாள், வேலைக்கு வந்தாள், சாயங்காலம் அவனோடு கல்லில் உட்கார்ந்து கடலைப் பார்த்தாள். அப்டேட்டுக்கு முந்தின நாட்களில் ஊரே தனக்குப் பிடித்ததை ஒரு தடவை செய்து பார்த்துக்கொண்டிருந்தது. பாடுகிறவர்கள் பாடினார்கள், கடலில் நீந்தத் தெரிந்தவர்கள் போய் நீந்தினார்கள், மஸ்தானின் கடையில் கூட்டம் நெரிந்தது, ஒருவருக்கொருவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டார்கள். செசிலி எதையும் செய்து பார்க்கவில்லை.

நாலாம் செவ்வாய் காலையில் கம்பெனிக்கு நடக்கும் வழியில்தான், கேட்காமலேயே, ஒன்றே ஒன்று சொன்னாள்.

"உங்க காதைப் பிடிச்சுக்கிட்டாத்தான் தூங்குவா. நீங்க ராத்திரி வேலைக்குப் போன அன்னைக்கெல்லாம் என் காதைக் குடுத்துப் பாப்பேன். பிடிச்சுப் பாத்துட்டு, இது அப்பா காது இல்லைன்னு விட்டுருவா."

இஞ்ஞாசி நடந்தபடியே தன் காதைத் தொட்டுப் பார்த்தான். காது மாதிரிதான் இருந்தது.

கூடத்தில் அவள் தன் இடத்தில் உட்கார்ந்தாள். அவன் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டான். திரை நீலமானது, புள்ளிகள் சுற்றின, கம்ப்யூட்டரை அணைக்க வேண்டாம் என்று எழுத்து வந்தது. மற்றவர்களுடைய மெஷின்கள் சீக்கிரமே எழுந்து வேலைக்குத் திரும்பின. அவளுடையது மட்டும் எழாமல் நின்றுகொண்டே இருந்தது. சதவீதம் ஏறும், நிற்கும், மறுபடி ஏறும். பின்னால் இருந்த பிளக்கைப் பிடுங்க அவனுடைய கை இரண்டு தடவை போனது. பாதியில் பிடுங்கினால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. இரண்டாம் தடவை செசிலி அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "இருங்க," என்றாள். மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்து, ஆட்கள் போய், திரும்பி வந்து உட்கார்ந்த பிறகுதான் திரை எழுந்தது.

அவள் செலின் மாதிரி ஆகவில்லை. எழுந்து நின்றாள், சேலையைச் சரிசெய்தாள், அவனைப் பார்த்து, "பசிக்குது," என்றாள். அவள் அப்படிச் சொல்லி அவன் கேட்டு வருஷங்கள் ஆகியிருந்தன. போனவை பிறகு ஒவ்வொன்றாகத் தெரியவந்தன: புளிக்குழம்பு வைக்கிற பக்குவம், தையல், அவள் அம்மா வீட்டுக்குப் போகிற பாதை, ஜெபமாலையின் பாதி மந்திரங்கள், மூக்குத்தி எந்தப் பக்கம் என்பது. வீட்டுக்கு வந்ததும் அலமாரியின் கீழ்த்தட்டைத் திறந்து, மடித்து வைத்திருந்த சின்னச் சட்டைகளைக் கையில் எடுத்து, "இது நம்ம வீட்டுல எதுக்குக் கிடக்கு? ஸ்டீபன் மகளுக்குச் சரியா இருக்கும்ல?" என்று கேட்டாள். ஸ்டீபனின் மனைவி வாசலில் நின்று அவற்றை வாங்கிக்கொண்டாள். அந்தத் தெருவில் அவளுடைய மகள் ஒரு நாளும் அவற்றைப் போட்டுக்கொண்டு வரவில்லை.

செசிலிக்கு நல்ல தூக்கம் வந்தது. உடம்பு கொஞ்சம் பூசியது. பக்கத்து வீட்டில் ஏதோ பேச்சுக்கு அவள் உரக்கச் சிரித்தபோது, கிணற்றடியில் நின்ற பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, பிறகு அவர்களும் சிரித்தார்கள். அவளுக்கு நல்லதுதானே நடந்தது என்று இஞ்ஞாசி தனக்குச் சொல்லிக்கொண்டான். சொல்லிக்கொண்டு, துறைமுகக் கல்லில் தனியாக உட்கார்ந்து, கேட்ட கதைகளைத் தனக்குத் தானே சொல்லிப் பார்த்தான். பள்ளிக்கூடம், நண்டு, மழை, காது என்று ஒவ்வொரு கதைக்கும் ஒரு விரலை மடக்கினான். அவனிடம் மிஞ்சியிருந்தது அவ்வளவுதான், அதுவும் இரவல்.

அடுத்த மாதம் இரண்டாம் செவ்வாய் வந்தது. அவனே எழுதிய அட்டவணைப்படி முதல் குழுவில் முதலாவதாக அவனுடைய மெஷின் நீலமாகி எழுந்தது. அன்று சாயங்காலம் கல்லில் உட்கார்ந்து எண்ணியபோது ஒரு விரல் மடக்கக் கதையில்லாமல் நின்றது. எது போனது என்று அந்த விரலைப் பார்த்து வெகுநேரம் யோசித்தான். அதற்கடுத்த மாதம் இன்னொரு விரல் நின்றது. அவன் தாணுமூர்த்தியிடம் போய், வரிசையை மாற்றலாமா, மாதத்தை மாற்றலாமா என்று கேட்டான். "நீங்க போட்டதுதானே இஞ்ஞாசி," என்றார் அவர், கடுமையில்லாமல். அவரிடமிருந்து அந்த மாதம் தன் பெரிய மகனின் குரல் போயிருந்தது. போன் வந்தால் யாரென்று பேரைப் பார்த்துத்தான் எடுத்துக்கொண்டிருந்தார்.

மழை தொடங்கி, கல்லறைத் திருநாள் வந்தது. சேந்தன்கரையில் அன்று மத்தியானத்திலிருந்தே குடும்பம் குடும்பமாக மெழுகுவர்த்தியும் பூவும் எடுத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போவார்கள். இந்தச் சில வருஷங்களில் பெண்கள் சிலர் மட்டும் எல்லோருக்கும் முன்னால் போய்விடுவது வழக்கமாகியிருந்தது. இறந்தவர்களை நினைவிலிருந்தும் இழந்தவர்கள் யார் யார் என்று அவர்களுக்குத் தெரியும். அந்தக் கல்லறைகளைக் கழுவி, மெழுகுவர்த்தி ஏற்றி, சிலுவையில் பேர் எழுதியிருக்கிற இடம் தெரியாதபடி செவ்வந்தி மாலையைக் கனமாகச் சுற்றிவிட்டு ஒதுங்கி நின்றுகொள்வார்கள்.

இஞ்ஞாசியும் செசிலியும் அவனுடைய அப்பாவின் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, சுவரோரமாகத் திரும்பி வந்தார்கள். மூலையில் ஒரு சின்னக் கல்லறை, பூவால் மூடியிருந்தது. செசிலி நடையை நிறுத்தினாள்.

"ஐயோ பாவம், எவ்வளவு சின்னதா இருக்கு," என்றாள். "யாரு பெத்த புள்ளையோ?"

கொஞ்ச தூரத்தில் ஸ்டீபனின் மனைவியும் காணிக்கைமேரியும் இன்னும் சில பெண்களும் இவர்கள் பக்கம் திரும்பி நின்றார்கள். இஞ்ஞாசியிடம் இன்னும் அந்த ஒன்று இருந்தது: கதை ஒன்றும் இல்லை, முகம் இல்லை, இது யாருடைய பிள்ளை என்கிற செய்தி மட்டும். அதையும் வருகிற இரண்டாம் செவ்வாய் எடுத்துக்கொள்ளலாம், எடுக்காமலும் விடலாம். இப்போது சொல்லிவிட்டால் செசிலி நம்புவாள். பாவமே என்று நம்புவாள். அதற்கு மேல் சொல்ல அவனிடமும் எதுவும் இல்லை.

"தெரியலை புள்ள," என்றான்.

செசிலியின் கையில் ஒரு மெழுகுவர்த்தி மிச்சம் இருந்தது. அதை அந்தச் சின்னக் கல்லறையின் தலைமாட்டில் நட்டு, தீக்குச்சி கிழித்தாள். கடற்காற்று அணைத்தது. மறுபடி கிழித்தாள், மறுபடி அணைந்தது.

"சும்மா நிக்கீங்களே," என்றாள். "இந்தப் பக்கமா வந்து காத்தை மறைச்சு நில்லுங்க."

அவன் சுற்றி வந்து, கடலுக்கு முதுகைக் காட்டி நின்றான். சுடர் பிடித்தது. மற்றவர்களெல்லாம் வீட்டுக்குப் போன பிறகும், மழை தூறத் தொடங்கிய பிறகும், அந்த மெழுகுவர்த்தி எரிந்து முடிகிற வரைக்கும் அவன் அப்படியே நின்றான்.